பனிச் சரிவில் காமிரா: கள ஊழியர் தேர்ந்தெடுக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மருத்துவமனையில், அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், டாக்டர் ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் பணியாற்றி வந்தார். அவர் 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் ஓர் உறுப்பினர். மலையிலிருந்து இறங்கியபின் தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டன் வாழ்வைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டார். 1924-இல் அவர் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். அப்பொழுது தம்மிடமிருந்த மடக்குக் காமிரா ஒன்றை மலோரி என்பவருக்கு இரவலாகக் கொடுத்தார். சட்டைப் பையில் அடங்கும் கோடாக் காமிரா அது. ஜூன் 8-ஆம் நாள் மலோரியும் அவர் துணைவர் இர்வினும் மேகத்துள் மறைந்தனர், திரும்பவில்லை. 1999-இல் மலோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது, காமிரா கிடைக்கவில்லை. அவர்கள் சிகரத்தை எட்டினரா இல்லையா என்னும் வினாவுக்கு விடை அந்தச் சிறு கருவிக்குள் இருக்கலாம் என்று மலையேறுவோர் இன்றளவும் கருதுகின்றனர்.

1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் நிலைமை வேறு. உச்சியை அடைந்த எட்மண்டு ஹிலாரி, குளிரில் கெடாதிருக்கும் பொருட்டு உடையின் உட்புறத்தில் வைத்திருந்த சிறு காமிராவை வெளியே எடுத்தார். பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் டென்சிங்கின் படம் அதில் பதிந்தது. மனித உடலின் சூடு கருவியைக் காத்தது. கருவி வரலாற்றுக்குச் சான்று தந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைப் போதிக்கின்றன. பனி மலையில் காமிரா என்பது அலங்காரப் பொருளன்று. சாட்சி சொல்லும் கருவி. அதனைத் தேர்ந்தெடுப்பதிலும் கையாளுவதிலும் விஞ்ஞான முறை தேவை. அம்முறையைக் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த ஒரு நிறுவனத்தின் பொருளையும் பரிந்துரைப்பது நம் எண்ணமன்று.

பெங்களூருக்கும் பனிக்கும் உள்ள தொடர்பு

கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், இதமான தட்பவெப்பத்துடன் விளங்கும் பெங்களூர் நகரத்தில் பனிச் சரிவைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இந்நகரத்தின் விஞ்ஞானிகள் பலருக்கு இமயம் அன்றாடப் பணியிடம். இந்திய வான் இயற்பியல் நிலையம் பெங்களூரிலுள்ள கோரமங்கலத்தில் அமைந்திருக்கிறது. அதன் வானாய்வுக் கூடமோ லடாக்கிலுள்ள ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயிலிருந்தே செயற்கைக் கோள் வழியாக இயக்குகின்றனர். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2009-இல் தொடங்கப்பெற்ற திவேச்சா தட்பவெப்ப மாற்ற மையம் இமயப் பனியாறுகளை ஆராய்கிறது. இவையன்றி, குல்மார்க்கிலும் ஆலியிலும் பனிச்சறுக்குப் பயிலச் செல்லும் இளைஞர்களும் கர்நாடகத்தில் பலர் உளர்.

இவர்கள் அனைவரும் கருவியை வாங்குவது மிதமான வெப்பமுள்ள ஊரில். அதனைப் பயன்படுத்துவது உறைபனியில். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது குற்றமற்றதாகத் தோன்றும் கருவி, சரிவின் மேல் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் உயிரற்றுப் போவதுண்டு. அங்கே அதனை மாற்றிக்கொள்ளக் கடை இராது. ஓராண்டுக்கு ஒருமுறை வரும் பருவமும் காத்திராது.

படம் அளவீடாகும்போது

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் உத்தராகண்டத்தின் சமோலி மாவட்டத்தில், ரோண்டி சிகரத்தின் பக்கத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் திரள் பெயர்ந்து விழுந்தது. அது சேறும் நீருமாக ரிஷிகங்கை, தவுளிகங்கைப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. ஆலியின் பனிச்சறுக்குச் சரிவு இதே மாவட்டத்தில்தான் உள்ளது. மலைச் சரிவில் நின்ற ஊர் மக்கள் தம் கைக்கருவிகளால் அவ்வெள்ளத்தைப் படமெடுத்தனர். பின்னர் ஆராய்ச்சியாளர் அப்படங்களைக் கொண்டே, ரிஷிகங்கை மின் நிலையத்தருகே வெள்ளத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 25 மீட்டர் எனக் கணக்கிட்டனர். அளவுமானிகள் இல்லாத இடத்தில் அசையும் படமே அளவுமானியாகப் பயன்பட்டது.

கணக்கு எளியது. படத்தில் தெரியும் இரு பாறைகளின் இடைத்தூரம் 50 மீட்டர் எனக் கொள்வோம். அலையின் முகப்பு முதற் பாறையிலிருந்து இரண்டாவதை அடைய 60 சட்டங்கள் ஆயின. காமிரா நொடிக்கு 30 சட்டங்களைப் பதிவு செய்வது. ஆகவே காலம் 2 நொடி. வேகம் நொடிக்கு 25 மீட்டர். இக்கணக்கு உண்மையாக வேண்டுமாயின் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். காமிராவின் சட்ட வேகம் மாறாததாக இருத்தல் வேண்டும். அதன் கடிகாரம் இந்திய நேரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். படத்தின் உருவம் வளையாமலும் வெட்டப்படாமலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையை வாங்குவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். சிறு காமிராக்களின் அகல்கோண லென்ஸ் நேர்கோடுகளை வில்போல் வளைத்துக் காட்டும். கையின் நடுக்கத்தைப் போக்கும் மின்னணு முறையோ, ஒவ்வொரு சட்டத்தையும் ஓரங்களில் நறுக்கி இடம் பெயர்த்து வைக்கும். விளையாட்டைக் காண்பதற்கு இவை நன்று, அளப்பதற்குத் தீங்கு. ஆதலின் நடுக்க நீக்கத்தை நிறுத்தி வைக்கவும், நேர்கோட்டுக் காட்சியைத் தெரிவு செய்யவும் வசதியுள்ள காமிராவையே கள ஊழியர் வாங்க வேண்டும்.

விளம்பர எண்களின் பொருள்

உறுதியான காமிராக்களின் பெட்டிமேல் 'ஐ.பி. 68' போன்ற குறிகளைக் காணலாம். இது சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையத்தின் 60529-ஆம் எண் தர நிர்ணயத்தைச் சார்ந்தது. முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறன். 6 என்பது அதில் உச்ச அளவு. இரண்டாம் இலக்கம் நீரைத் தடுக்கும் திறன். 8 என்பது, உற்பத்தியாளர் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் காட்டும். ஆனால் இந்தச் சோதனை உறைகுளிரில் நடத்தப்படுவதன்று. உயரத்திலிருந்து விழுவதையும் இக்குறி உள்ளடக்காது. எனவே குளிர், வீழ்ச்சி, அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறுதிமொழி உண்டா என்று கையேட்டில் பார்த்தல் வேண்டும். இத்தகைய காமிராக்கள் பல பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரி வரை இயங்கும் என்றே உறுதி கூறப்படுகின்றன. குல்மார்க்கின் கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம் வரை செல்கிறது. அங்கே காலை நேரக் குளிர் அந்த எல்லையைத் தாண்டக் கூடும் என்பதை நினைவிற் கொள்க.

நீரைத் தடுப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். குளிரில் ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து, அமுக்கிய வடிவிலேயே சிறிது நேரம் நின்றுவிடும். 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியதற்கு இத்தகைய வளையம் குளிரில் இறுகியதே காரணமாயிற்று. விசாரணையின்போது பேராசிரியர் ஃபெய்ன்மன் அந்த ரப்பரைச் சிறு பற்றியில் இறுக்கிப் பனிநீர்க் குவளையில் அமிழ்த்தி, வெளியே எடுத்து விடுவித்தபோது, அது பழைய வடிவுக்குத் திரும்பத் தாமதித்ததை எல்லோரும் கண்டனர். ஆசிரியர்கள் இச்சோதனையை வகுப்பிலேயே செய்து காட்டலாம். களத்தில் இதன் பயன் யாதெனில், வளையத்தின்மேல் ஒரு தலைமயிரோ மணலோ பனித்துகளோ ஒட்டியிருந்தாலும் கதவு அடைபடாது. அறைவெப்பத்தில் மன்னிக்கப்படும் பிழை குளிரில் மன்னிக்கப்படாது.

கண்ணாடியின் உட்புறத்தில் நீர்

பனிச் சரிவில் காமிரா பயனற்றுப் போவதற்கு அடி விழுவதைக் காட்டிலும் ஈரமே பெருங்காரணம். அவ்வீரம் வெளியிலிருந்து வருவதுமன்று. நாமே பெங்களூரிலிருந்து கொண்டு செல்வது.

27 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், கன மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றைப் பூச்சியம் டிகிரிக்குக் குளிர்வித்தால் அது தாங்கக்கூடியது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவே. எஞ்சிய 10 கிராம் நீராகப் படிந்தாக வேண்டும். காமிராவின் காப்புறைக்குள் 100 கன சென்டிமீட்டர் வெற்றிடம் இருப்பதாகக் கொண்டால், படியும் நீர் 1 மில்லிகிராம். இது அற்பமென்று எண்ண வேண்டாம். அந்த நீர் முழுவதும் 10 சதுர சென்டிமீட்டர் கண்ணாடியின்மேல் பரவினால் அதன் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது பச்சை ஒளியின் அலைநீளத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. சிறு துளிகளாகப் படியும் இவ்வளவு நீர், ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெண்புகையாக்கப் போதுமானது. கண்ணாடியே காப்புறையின் மிகக் குளிர்ந்த பகுதியாதலால் நீர் முதலில் அங்குதான் படியும்.

இதனைத் தடுக்கும் முறைகள் மூன்று. முதலாவது, பெங்களூரில் காப்புறையை மூடுமுன் உலர்ந்த சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தல். இரண்டாவது, பனிப் பிரதேசத்தை அடைந்ததும் காற்றும் பனித்துகளும் இல்லாத இடத்தில் கதவைத் திறந்து, உள்ளிருக்கும் ஈரக் காற்றை வெளியேற்றி, அவ்விடத்துக் குளிர்ந்த உலர் காற்றோடு மூடுதல். மூன்றாவது, மாலையில் புகாரி அடுப்பு எரியும் அறைக்குள் நுழையுமுன், காமிராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிவிடுதல். அறையின் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். காமிரா மெல்லச் சூடேறும்வரை, இரண்டு மணி நேரமாயினும், பையைப் பிரிக்கலாகாது. லென்ஸின்மேல் வாயால் ஊதுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். மூச்சின் ஈரம் அக்கணமே உறைந்துவிடும்.

காற்றழுத்தத்தின் விளைவும் கவனிக்கத்தக்கது. பெங்களூரில் காற்றழுத்தம் சுமார் 910 மில்லிபார். 4,000 மீட்டர் உயரத்தில் சுமார் 615 மில்லிபார். பெங்களூரில் மூடிய உறையின் காற்று 27 டிகிரியிலிருந்து பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 800 மில்லிபாராகும். எனினும் வெளியை நோக்கி 185 மில்லிபார் மிகை அழுத்தம் எஞ்சும். உயரத்தில் மூடிய உறையைப் பெங்களூரில் திறக்கும்போது இதற்கு நேர்மாறாக, கதவு உட்புறமாக உறிஞ்சப்பட்டு எளிதில் திறவாது. ஆகவே உயரம் மாறும்போதெல்லாம் உலர்ந்த இடத்தில் ஒருமுறை திறந்து மூடுதல் நல்ல பழக்கம்.

மின்கலத்தின் குளிர்

லிதியம் அயனி மின்கலத்தினுள் அயனிகள் ஒரு திரவத்தின் ஊடே நகருகின்றன. குளிரில் அத்திரவம் குழம்புபோல் தடிக்கிறது, உள் தடை உயர்கிறது, மின்னழுத்தம் சரிகிறது. காமிரா, கலம் தீர்ந்துவிட்டதென எண்ணித் தானே அணைந்துவிடும். அதே கலத்தை உடற்சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் மீண்டும் இயங்குவதுண்டு. ஆற்றல் போகவில்லை, அதனை வெளிக்கொணரும் வழி அடைபட்டிருந்தது.

கலத்தின் அளவைக் கணக்கிடும் முறையையும் அறிந்துகொள்க. 1,700 மில்லி ஆம்பியர் மணி, 3.85 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட கலம் ஏறத்தாழ 6.5 வாட் மணி ஆற்றலுடையது. காமிரா 4 வாட் உட்கொள்ளுமாயின் அறைவெப்பத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். குளிரில் இதில் பாதியையே நம்பித் திட்டமிடுதல் விவேகம். எனவே கலம் உள்ளேயே பதிக்கப்பட்ட காமிராவைத் தவிர்த்து, கழற்றி மாற்றத்தக்கதையே வாங்க வேண்டும். மூன்று கலங்கள் இருப்பின், ஒன்று காமிராவில், இரண்டு உட்சட்டைப் பையில் என மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஹிலாரி கையாண்ட வழி இதுவே.

பூச்சியம் டிகிரிக்குக் கீழே மின்கலத்துக்கு மின்னேற்றுதல் கூடாது. அவ்வாறு செய்தால் லிதியம் உலோகமாகவே எதிர்முனையில் படிந்து, கலம் நிரந்தரமாகக் கெடும். தீ விபத்துக்கும் இடமுண்டு. விமானத்தில் செல்வோர் உபரிக் கலங்களைச் சரக்குப் பெட்டியில் இடாமல், முனைகள் ஒன்றோடொன்று தொடாதவாறு உறையிட்டுக் கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும்.

வெண்பனி சாம்பல் நிறமாவது ஏன்?

காமிராவின் ஒளிமானி அறிவற்றது. உலகிலுள்ள பொருள்கள் சராசரியாகத் தம்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகின்றன என்னும் அனுமானத்தின்மேல் அது அமைந்திருக்கிறது. புதுப்பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. மானி, 'ஒளி மிகுந்துவிட்டது' என மயங்கிப் படத்தை இருளச் செய்கிறது. பனி சாம்பல் நிறமாகவும், மனிதர் முகம் கரிபோலவும் பதிகின்றன.

18-ஐ ஒருமுறை இரட்டித்தால் 36; மறுமுறை இரட்டித்தால் 72. எனவே பனியை வெண்மையாகக் காட்ட ஒளிப்பதிவை ஒன்று முதல் இரண்டு படிகள் வரை உயர்த்த வேண்டும். இவ்வாறு உயர்த்தும் வசதி கையால் மாற்றத்தக்கதாய், அசையும் படத்திலும் செயற்படுவதாய் இருத்தல் அவசியம். இரண்டு படிக்கு மேற்போனால் பனியின் நுண்ணிய மேடு பள்ளங்கள் வெண்மையில் கரைந்துவிடும். பனிச்சரிவு ஆபத்தைக் கணிப்போருக்கு அந்த மேடு பள்ளங்களே செய்தி.

பனிமேல் விழும் நிழல் நீலமாகத் தோன்றுவதைப் படங்களில் கண்டு, காமிராவில் குற்றம் என்று கருதுவோர் உளர். அது குற்றமன்று. நிழலில் நேர்ச் சூரிய ஒளி இல்லை. நீல வானத்தின் சிதறிய ஒளி மட்டுமே விழுகிறது. பனி அந்நீலத்தை உள்ளபடியே திருப்பிக் காட்டுகிறது.

மலையில் ஆயிரம் மீட்டர் உயர்வுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் புறஊதாக் கதிர் மிகுகின்றது. பனியும் அதனைத் திருப்பி அனுப்புகிறது. எனவே ஊழியர் கருங்கண்ணாடி அணியாமல் வேலை செய்யலாகாது. ஆனால் ஒளியை ஒருதள முனைவாக்கும் கண்ணாடியின் வழியே காமிராவின் திரவப் படிகத் திரையைப் பார்த்தால், சில கோணங்களில் திரை முற்றும் கறுத்துத் தோன்றும். கருவி கெட்டதாக அஞ்ச வேண்டாம். தலையைச் சற்றுச் சாய்த்தால் படம் தெரியும்.

வேகம், கூர்மை, சேமிப்பு

பனிச்சறுக்கு வீரர் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே செல்கிறார் எனக் கொள்வோம். கண்திறப்பு ஐம்பதில் ஒரு நொடி நீடித்தால் அதற்குள் அவர் 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், உருவம் மங்கும். ஆயிரத்தில் ஒரு நொடியாயின் நகர்வு ஒன்றரைச் சென்டிமீட்டரே. பனியில் ஒளிக்குப் பஞ்சமில்லையாதலால் இத்தகைய விரைந்த கண்திறப்பு எளிதிற் கைகூடும்.

அகல்கோணச் சிறு காமிராக்கள் பலவற்றில் குவியத்தைச் சரிசெய்யும் இயந்திரமே இல்லை. இதுவும் குறையன்று. 3 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 2.8 துவார எண்ணும் உடைய லென்ஸ், ஓரடி தூரத்திலிருந்து அடிவானம் வரை எல்லாவற்றையும் கூர்மையாகக் காட்டக்கூடும். அசையும் உறுப்பு இல்லாமையால் குளிரில் இறுகுவதற்கும் ஒன்றுமில்லை. எனினும் பனிப்படிகத்தை அருகில் படமெடுக்கவோ தொலைவிலுள்ள சரிவை நெருக்கிக் காட்டவோ இவ்வகைக் காமிரா உதவாது.

நினைவு அட்டையையும் கணக்கிட்டே வாங்க வேண்டும். நொடிக்கு 60 மெகாபிட் என்னும் விகிதத்தில் பதியும் படம், நிமிடத்துக்கு 450 மெகாபைட், மணிக்கு 27 கிகாபைட் இடம் கொள்ளும். 'வி 30' எனக் குறிக்கப்பட்ட அட்டை நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதவல்லது, இதற்குப் போதும். பெரிய அட்டை ஒன்றைக் காட்டிலும் சிறிய அட்டைகள் இரண்டு மேல். ஒன்று பனியில் விழுந்து மறைந்தாலும் மற்றொன்று எஞ்சும்.

பொருத்துவதில் உயிர்ப் பாதுகாப்பு

காமிராவைத் தலைக்கவசத்தில் பொருத்தினால் காட்சி விரிவாகக் கிடைக்கும். ஆனால் விழும்போது அது துருத்திக்கொண்டு எதிலேனும் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே அடிபட்டால் எளிதிற் கழன்றுவிடும் பொருத்தியே தக்கது. ஒட்டும் பொருத்திகளைப் பெங்களூரின் அறைவெப்பத்திலேயே, புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாக ஒட்டிவிட வேண்டும். பனியில் நின்றுகொண்டு ஒட்டினால் பசை பற்றாது.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பனிச்சரிவு ஆபத்துள்ள இடங்களுக்குச் செல்வோர், புதையுண்டால் தம்மைக் கண்டுபிடிக்க உதவும் சிறு வானொலிக் கருவியை மார்பில் அணிகின்றனர். அது 457 கிலோ ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குவது. காமிரா, தொலைபேசி முதலிய மின்னணுக் கருவிகள் அதன் அருகிலிருந்தால் குறிப்பலையைக் குலைக்கும். சாதாரண வேளையில் குறைந்தது 20 சென்டிமீட்டரும், பிறரைத் தேடும் வேளையில் 50 சென்டிமீட்டரும் இடைவெளி வேண்டும். எனவே அக்கருவியை அணிந்தவர் மார்புப் பட்டையில் காமிராவைப் பொருத்தலாகாது. தேடுதல் தொடங்கியதும் காமிராவை அணைத்துவிட வேண்டும். புதையுண்டவர் உயிர் நிமிடக் கணக்கில் ஊசலாடும்போது எந்தப் படமும் அதற்கு ஈடன்று.

புறப்படுமுன் பெங்களூரில் செய்யத்தக்க ஐந்து சோதனைகள்

1. குளிர்ச் சோதனை: நொறுக்கிய பனிக்கட்டியோடு சமையல் உப்பைச் சிறிது சிறிதாகக் கலந்தால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரி வரை எளிதில் இறங்கும். அக்கலவையின் நடுவே உலர்ந்த தகரப் பெட்டியை இறக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிய காமிராவை ஓடும் நிலையில் உள்ளே வைக்கவும். எத்தனை நிமிடம் ஓடிற்று என்பதை அறைவெப்ப ஓட்டத்தோடு ஒப்பிடவும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியாதலால், உற்பத்தியாளர் அனுமதித்த எல்லையை மீறக்கூடும்.

2. கையுறைச் சோதனை: இரண்டு அடுக்குக் கையுறை அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பதிவைத் தொடங்கி நிறுத்த முடிகிறதா எனப் பார்க்கவும். தொடுதிரையை மட்டும் நம்பும் கருவி இங்கே தோற்றுவிடும்.

3. வெண்துணிச் சோதனை: நல்ல வெயிலில் வெள்ளை வேட்டியொன்றைக் காட்சி முழுவதும் நிறையுமாறு படமெடுக்கவும். அது சாம்பலாகத் தோன்றும். பிறகு ஒரு படி, இரண்டு படி உயர்த்தி எடுத்து ஒப்பிடவும்.

4. நீர்ச் சோதனை: அனுமதிக்கப்பட்ட ஆழத்துக்குட்பட்டு, வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, காற்றுக் குமிழ் தொடர்ந்து வருகிறதா, பின்னர் கண்ணாடியின் உட்புறம் மங்குகிறதா எனக் கவனிக்கவும்.

5. காலச் சோதனை: 99 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் பெங்களூரில் ஏறத்தாழச் சரியாக 2 நொடி. சிறு வீச்சில் ஆடும் அவ்வூசலின் பத்து அலைவுகளைப் படமெடுத்துச் சட்டங்களை எண்ணுக. நொடிக்கு 30 சட்டம் பதியும் காமிராவில் 600-ஐ ஒட்டிய எண் வர வேண்டும். வெகுவாக வேறுபட்டால் அக்காமிரா அளவீட்டுக்கு உதவாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சந்தையில் மூன்று வகைகள் உள்ளன. முதல் வகை, உடலில் பொருத்தும் கனசதுரச் சிறு காமிரா. அலைச்சறுக்கு விளையாட்டுக்கெனப் பிறந்து, 2004-இல் 35 மில்லிமீட்டர் பிலிமோடு விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் வழித்தோன்றல்களே இன்றைய பல காமிராக்களுக்கும் முன்மாதிரி. சறுக்கிக்கொண்டே படமெடுக்கவும், இரு கைகளும் வேலையிலிருக்கும்போது பதிவு செய்யவும் இதுவே ஏற்றது. இரண்டாம் வகை, நீர் புகாத கைக்காமிரா. லென்ஸ் வெளியே நீளாமல் உள்ளேயே நெருக்கிக் காட்டுவது. பனிப்படிகத்தை அருகிலும், அளவுக் கோலின் எண்ணைத் தொலைவிலும் எடுக்கவல்லது. ஓரிடத்தில் நின்று குறிப்பெடுக்கும் ஊழியருக்கு இது சிறந்தது. மூன்றாம் வகை, நம் கைத்தொலைபேசி. அதன் படம் தரமானதே. ஆனால் தொடுதிரை கையுறைக்குப் பணியாது. அவசர அழைப்புக்கு வைத்திருக்க வேண்டிய மின்னாற்றலைப் படத்துக்குச் செலவிடுவதும் அறிவுடைமையன்று.

ஒன்றே வாங்கப் பணமிருப்பின், 'என் பணி நகருவதா, நின்று அளப்பதா?' என்று முதலிற் கேட்டுக்கொள்க. நகருவதாயின் முதல் வகை. நின்று அளப்பதாயின் இரண்டாம் வகை. அடுத்துக் கழற்றத்தக்க மின்கலம், கையுறைக்கு இணங்கும் பொத்தான், கையால் உயர்த்தத்தக்க ஒளிப்பதிவு, நிறுத்தத்தக்க நடுக்க நீக்கம் ஆகிய நான்கும் உள்ளனவா எனப் பார்க்கவும். இந்நான்கும் உள்ள எளிய காமிரா, இவையில்லாத விலையுயர்ந்த காமிராவினும் மேலானது. படப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கடைசியாகப் பார்த்தாற் போதும்.

பனியைக் காணாத பள்ளிகளிலும் இப்பாடங்கள் பயன்படும். உப்பும் பனிக்கட்டியும், ஊசலும், வெள்ளை வேட்டியும் கிடைக்காத ஊர் இல்லை. நீராவி படிதல், வாயு விதி, ஒளிச் சிதறல், மின்கலத்தின் உள் தடை ஆகிய நான்கு பாடங்களை ஒரு காமிராவைக் கொண்டே ஆசிரியர் விளக்கலாம். கள ஊழியர்களோ, இந்த ஐந்து சோதனைகளின் முடிவுகளையும் நாளும் வெப்பநிலையும் குறித்துக் காமிராவின் உறையிலேயே வைத்திருப்பது நலம். அடுத்த பருவத்தில் அக்கருவியை எடுத்துச் செல்பவர் வேறொருவராயிருக்கலாம். அது எத்தனை நிமிடம் குளிரில் ஓடும் என்பதை அவர் மலையேறுமுன்பே அறிந்திருக்க வேண்டும்.